பூட்டு இருக்கிறது, சாவி யாரிடம்?

"சர்வர்" என்றதும் நமக்கு யார் நினைவு வரும்? ஓட்டலில் இட்லியும் சட்னியும் கொண்டுவந்து வைப்பாரே, அவர்தான்!

கம்ப்யூட்டர் உலகிலும் ஒரு சர்வர் உண்டு. கேட்டதை எடுத்துக் கொடுப்பதும், கொடுத்ததை வாங்கி வைப்பதும் அதன் வேலை. ஆனால் அது ஆள் அல்ல. அதுவும் ஒரு கம்ப்யூட்டர்தான்.

ஓட்டல் சர்வர் இரவில் வீட்டுக்குப் போய்த் தூங்குவார். இந்தச் சர்வருக்குத் தூக்கம் கிடையாது. இரவும் பகலும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கும். அந்தக் கதவை எதிர்பார்த்துத் திருடனும் காத்திருப்பான்.

எங்கள் தெருவில் ஓர் இளைஞர் இருக்கிறார். ஆறு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன ஆபீசில் புரோகிராம் எழுதுகிறார். ஜவுளிக் கடைகளில் பில் போடுகிற புரோகிராம் அது. ஒரு நாள் மாலை அவர் முகமெல்லாம் மகிழ்ச்சியோடு வந்தார்.

"அண்ணே! ஆபீசில் நானே ஒரு சர்வர் அமைத்துவிட்டேன். முதலாளிக்கு ஒரு பைசா செலவு இல்லை. அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது!"

"நல்லது தம்பி. அதற்குச் சாவி யாரிடம் இருக்கிறது?"

"சாவியா? எல்லாருக்கும் ஒரே பாஸ்வேர்டுதான் அண்ணே. ஆறு பேருக்கும் தெரியும்."

"போன மாதம் ஒருவர் வேலையை விட்டுப் போனாரே, அவருக்கு?"

அவர் பதில் சொல்லவில்லை. சிரிப்பும் நின்றுவிட்டது.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதப் போகிறேன்.

அழிக்காத கணக்குப்பிள்ளை

முதலில் அந்தச் சர்வர் என்ன செய்கிறது என்று பார்ப்போம்.

புரோகிராம் என்பது கம்ப்யூட்டருக்கு நாம் எழுதிக் கொடுக்கும் கட்டளை. "துணியின் விலையைக் கூட்டு, வரியைச் சேர், பில்லை அச்சடி" என்று வரி வரியாக எழுத வேண்டும். பல்லாயிரம் வரிகள் ஆகும். ஒருவர் மட்டும் எழுத முடியாது. பலர் சேர்ந்து எழுதுவார்கள்.

ஒரே நோட்டில் ஆறு பேர் எழுதினால் என்ன ஆகும்? ஒருவர் எழுதியதை மற்றவர் அடித்துவிடுவார். நேற்று சரியாக இருந்தது இன்று கெட்டுப்போகும். "யார் கெடுத்தது?" என்று சண்டை வரும்.

பழைய மளிகைக் கடைகளில் நல்ல கணக்குப்பிள்ளை என்ன செய்வார்? தப்பாக எழுதியதைச் சுரண்டி அழிக்க மாட்டார். மேலே ஒரு கோடு போடுவார். பக்கத்தில் சரியான தொகையை எழுதுவார். தேதி போட்டுக் கையெழுத்து வைப்பார். பத்து வருடம் கழித்துப் பார்த்தாலும் யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது தெரியும்.

கம்ப்யூட்டரில் அந்தக் கணக்குப்பிள்ளை வேலையைச் செய்வதுதான் "வெர்ஷன் கண்ட்ரோல்". மாற்றங்களைப் பதிந்து வைக்கும் பேரேடு என்று சொல்லலாம். அந்தப் பேரேட்டைப் பொதுவான ஓர் இடத்தில் வைத்தால், அந்த இடம்தான் சர்வர்.

இன்று உலகில் மிக அதிகமாகப் பயன்படும் பேரேட்டின் பெயர் "கிட்". அதைச் செய்தவர் லினஸ் டோர்வால்ட்ஸ். பின்லாந்து நாட்டில் பிறந்தவர். 1991-ல் ஹெல்சிங்கி நகரில் மாணவராக இருந்தபோது "லினக்ஸ்" என்ற அடிப்படைப் புரோகிராமை எழுதத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 21. அதைக் காசு வாங்காமல் உலகத்துக்குக் கொடுத்தார். பல நாட்டுக்காரர்கள் அதில் சேர்ந்து எழுதினார்கள்.

அவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பேரேடு வேண்டியிருந்தது. ஒரு கம்பெனியின் பேரேட்டைப் பயன்படுத்தி வந்தார்கள். 2005-ல் அந்தக் கம்பெனி இலவச அனுமதியை நிறுத்தியது. டோர்வால்ட்ஸ் தாமே உட்கார்ந்தார். 2005 ஏப்ரலில் சில நாட்களில் "கிட்" உருவாகிவிட்டது! அதுவும் இலவசம்தான்.

ஆகவே, எங்கள் தெரு இளைஞர் சொன்னதில் பொய் இல்லை. பழைய கம்ப்யூட்டர் ஒன்று போதும். லினக்ஸும் இலவசம்; கிட்டும் இலவசம். அரை மணி நேரத்தில் சர்வர் தயார். கஷ்டம் அதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது.

இரண்டு கதவு; ஒரு பூட்டு

2021 மார்ச் 28. ஞாயிற்றுக்கிழமை.

"பி.எச்.பி." என்று ஒரு கம்ப்யூட்டர் மொழி இருக்கிறது. உலகில் ஏராளமான வலைத்தளங்கள் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. விக்கிபீடியா அதில்தான் ஓடுகிறது. அந்த மொழியை வளர்ப்பவர்கள் சொந்தமாக ஒரு சர்வர் வைத்து, கிட் பேரேட்டை அதில் பாதுகாத்து வந்தார்கள்.

அன்று அந்தப் பேரேட்டில் இரண்டு மாற்றங்கள் வந்து சேர்ந்தன. ஒன்றில், அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்பின் பெயர் இருந்தது. மற்றொன்றில், நிகிதா போபோவ் என்ற முக்கிய எழுத்தாளரின் பெயர் இருந்தது. "எழுத்துப் பிழை திருத்தம்" என்று குறிப்பும் இருந்தது.

இரண்டு பேரும் அதை எழுதவே இல்லை!

அந்தத் "திருத்தத்தில்" ஒரு கள்ள வழி ஒளிந்திருந்தது. ஓர் இரகசியச் சொல்லோடு யார் வந்தாலும், அவன் இடும் கட்டளையை வலைத்தளம் நிறைவேற்றும். அது வெளியே போயிருந்தால் எத்தனை வலைத்தளங்கள் திருடன் கைக்குப் போயிருக்கும்!

நல்ல வேளை! மாற்றங்களைப் படித்துப் பார்க்கும் பழக்கம் அவர்களிடம் இருந்தது. சில மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து நீக்கிவிட்டார்கள்.

திருடன் எப்படி நுழைந்தான்? விசாரித்தார்கள். அந்தச் சர்வருக்கு இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்றுக்கு நல்ல சாவி உண்டு. இன்னொன்று வெறும் பாஸ்வேர்டில் திறக்கும். நுழைந்தவன் பாஸ்வேர்டுக்காகத் திணறவில்லை. சில பெயர்களை மட்டும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்திருக்கிறான். சரியான பெயர் கிடைத்ததும் உடனே கதவு திறந்துவிட்டது. ஆகவே பாஸ்வேர்டுப் பட்டியலே முன்பே திருட்டுப் போயிருக்க வேண்டும் என்று கருதினார்கள். அந்தப் பட்டியல் பழைய காலத்துப் புரோகிராம்கள் ஓடிய ஒரு பழைய கம்ப்யூட்டரில் இருந்தது.

முன் கதவில் நல்ல பூட்டு. கொல்லைக் கதவில் வெறும் கொக்கி. வீடு எவ்வளவு பத்திரம் என்பதைக் கொல்லைக் கதவுதான் முடிவு செய்கிறது!

ஒரு கோடு குறைந்தது

2003 நவம்பரில் நடந்ததையும் கேளுங்கள்.

லினக்ஸின் மூலப் பேரேடு ஓர் இடத்தில் இருந்தது. அதன் நகல் வேறு ஒரு சர்வரில் இருந்தது. யாரோ அந்த நகலில் புகுந்து இரண்டே வரிகளைச் சேர்த்துவிட்டான். பார்த்தால் ஏதோ சோதனை செய்கிற வரிகள் போலவே இருந்தன.

அந்த மொழியில் சமக் குறியை இரண்டு முறை போட்டால் "இது அதுவா?" என்று கேள்வி. ஒரே முறை போட்டால் "இதை அதுவாக ஆக்கு!" என்று கட்டளை. அவன் ஒரே முறை போட்டிருந்தான். "இவர் கம்ப்யூட்டரின் முழு அதிகாரியா?" என்று கேட்பது போல் தோன்றும். உண்மையில் "இவரை முழு அதிகாரியாக ஆக்கு!" என்று அர்த்தம்.

ஒரு குறி குறைந்தால் கூலிக்காரன் முதலாளி ஆகிவிடுவான்!

எப்படி அகப்பட்டது? நகலில் இருக்கும் மாற்றம் மூலத்தில் இல்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தபோது குட்டு வெளிப்பட்டது. ஒரே ஒரு நோட்டு மட்டும் இருந்திருந்தால்?

2011 ஆகஸ்டில் லினக்ஸின் தலைமைச் சர்வருக்குள்ளேயே திருடன் நுழைந்துவிட்டது தெரிந்தது. அந்த வலைத்தளத்தை வாரக்கணக்கில் மூடி வைத்தார்கள். ஆனாலும் பேரேட்டைப் பற்றிப் பெரிய கலக்கம் ஏற்படவில்லை. காரணம், கிட் போடும் முத்திரை.

கிட்டில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு முத்திரை உண்டு. அதற்கு முந்தைய மாற்றத்தின் முத்திரையும் அதிலே கலந்திருக்கும். சங்கிலி போல ஒன்றோடு ஒன்று கோத்திருக்கும். பழைய பக்கத்தில் ஓர் எழுத்தை மாற்றினாலும் அதற்குப் பின்னால் வரும் முத்திரைகள் எல்லாம் மாறிவிடும். ஊர் ஊராக ஆயிரக்கணக்கானவர்களிடம் நகல் இருக்கிறது. அவர்கள் முத்திரையோடு ஒத்துப் போகாது. திருட்டு அம்பலமாகிவிடும்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்த காரியம் நம் கவனத்துக்கு உரியது. புரோகிராம் எழுதுகிறவர்கள் சர்வருக்குள் நேரே புகுந்து நடமாடும் உரிமையை எடுத்துவிட்டார்கள். பாங்கில் நாம் கவுண்டருக்கு வெளியே நின்று பணம் போடுகிறோம், எடுக்கிறோம். பெட்டக அறைக்குள் போக முடிகிறதா? அதே ஏற்பாடுதான்.

கடை மூடிய கதை

"சொந்தச் சர்வரே வேண்டாம். பெரிய கம்பெனியிடம் வாடகைக்கு விட்டுவிடலாம்" என்று சிலர் சொல்கிறார்கள். பி.எச்.பி. நண்பர்கள் அப்படித்தான் முடிவு செய்தார்கள். சொந்தச் சர்வரைக் காப்பது தேவையில்லாத ஆபத்து என்று சொல்லி, பேரேட்டை "கிட்ஹப்" என்ற இடத்துக்கு மாற்றினார்கள்.

அதை நான் தப்பு என்று சொல்ல மாட்டேன். காவல் காக்க ஆள் இல்லாதவன் நகையை வீட்டில் வைக்கக் கூடாது. பாங்கு லாக்கரில் வைப்பதுதான் புத்தி.

ஆனால் லாக்கர் சாவியைத் திண்ணையில் போட்டுவிட்டுத் தூங்கினால்?

"கோட் ஸ்பேசஸ்" என்று ஒரு கம்பெனி இருந்தது. மற்றவர்களின் பேரேடுகளை வாங்கி வைத்துப் பாதுகாப்பதுதான் அதன் தொழில். அது தன் சரக்கை எல்லாம் அமேசான் கம்பெனியின் வாடகைக் கம்ப்யூட்டர்களில் வைத்திருந்தது. 2014 ஜூன் மாதம் ஒருவன் அதன் தலைமைச் சாவியைக் கைப்பற்றிவிட்டான். பணம் கேட்டு மிரட்டினான். கம்பெனிக்காரர்கள் சாவியை மாற்றப் பார்த்தார்கள். அவனோ முன்கூட்டியே மாற்றுச் சாவிகள் செய்து வைத்திருந்தான். ஆத்திரத்தில் கண்டதை எல்லாம் அழிக்க ஆரம்பித்தான்.

12 மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விட்டது. நகல்களும் போயின. ஏன்? நகல்களும் அதே சாவிக்குள்தான் இருந்தன!

அந்தக் கம்பெனி அதோடு மூடப்பட்டது. அடுத்தவர் பொருளைக் காப்பதே தொழிலாக வைத்திருந்தவர்கள் கதி இது.

நகல் இருந்தால் போதாது என்பதற்கும் ஒரு கதை உண்டு. "கிட்லேப்" என்ற கம்பெனியில், 2017 ஜனவரி 31-ந் தேதி, களைத்துப் போயிருந்த ஓர் ஊழியர் ஒரு கம்ப்யூட்டரில் அழிக்க வேண்டியதை வேறொன்றில் அழித்துவிட்டார். "நகல் எங்கே?" என்று தேடினார்கள். பல வழிகளில் நகல் எடுக்க ஏற்பாடு இருந்தது. ஒன்றும் சரியாக வேலை செய்யவில்லை! 6 மணி நேரத்துக்கு முன் வேறு காரியத்துக்காக எடுத்த ஒரு நகல் கைகொடுத்தது. பேரேடுகள் தப்பின. ஆனால் அந்த 6 மணி நேரத்தில் வாடிக்கைக்காரர்கள் எழுதிய குறிப்புகள் பல தொலைந்தன. நடந்ததை அவர்கள் மறைக்காமல் ஊருக்குச் சொன்னார்கள். அதைப் பாராட்ட வேண்டும்.

எடுத்துப் பார்க்காத நகல், எண்ணிப் பார்க்காத பணம் மாதிரி. இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். அவ்வளவுதான்!

என்ன செய்ய வேண்டும்?

சர்வரைச் சொந்தமாக வைத்தாலும் சரி, வாடகைக்கு எடுத்தாலும் சரி, காவல் நம்முடையதுதான். அந்தக் காவல் பெரிய வித்தை இல்லை. படித்த பிள்ளைகள் எல்லாரும் செய்யலாம்.

ஆளுக்கு ஒரு சாவி. இதற்கு "எஸ்.எஸ்.எச். சாவி" என்று பெயர். அது இரண்டு பாதியாக இருக்கும். ஒரு பாதியை நம் கம்ப்யூட்டரில் இரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும். மறு பாதியைச் சர்வரில் வைக்க வேண்டும். இரண்டும் பொருந்தினால்தான் கதவு திறக்கும். இரகசியப் பாதி நம் கையை விட்டு வெளியே போவதே இல்லை. ஒருவர் வேலையை விட்டுப் போனால், சர்வரில் இருக்கும் அவருடைய பாதியை மட்டும் எடுத்துவிட்டால் போதும். மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை.

சாவி வந்த பிறகு பாஸ்வேர்டுக் கதவை அடைத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்திருந்தால் திருடன் சுலபமான கதவைத்தான் பார்ப்பான்.

சர்வரின் முழு அதிகாரியை லினக்ஸில் "ரூட்" என்பார்கள். அந்தப் பெயரில் வெளியிலிருந்து நுழைய அனுமதிக்கக் கூடாது. பேரேட்டுக்கென்று தனியாக ஒரு பெயர் வைக்க வேண்டும். அந்தப் பெயரில் வருபவர் பேரேட்டில் போடலாம், எடுக்கலாம். வேறு எதையும் தொட முடியாது. அதற்கான ஏற்பாடு கிட்டிலேயே இருக்கிறது.

பழைய பக்கங்களை யாரும் கிழிக்க முடியாதபடி ஒரு கட்டளை இட்டு வைக்கலாம். வேண்டாத கதவுகளை எல்லாம் மூட வேண்டும். லினக்ஸில் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் திருத்தம் வரும். அதை அன்றே போட வேண்டும். "அடுத்த வாரம் பார்க்கலாம்" என்பது திருடனுக்குக் கொடுக்கும் தவணை.

நகல் வேறு இடத்தில், வேறு சாவியில் இருக்க வேண்டும். மாதம் ஒரு முறையாவது அதைத் திறந்து, உயிர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஒருவர் எழுதிய மாற்றத்தை மற்றொருவர் படிக்க வேண்டும். 2021-ல் பி.எச்.பி.யைக் காப்பாற்றியது பூட்டு அல்ல. படித்துப் பார்த்த கண்கள்!

முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை

இவ்வளவையும் யார் செய்வது? இங்கேதான் என் சண்டை.

அரை மணி நேரத்தில் சர்வர் அமைத்த பையனை முதலாளி தட்டிக் கொடுக்கிறார். "செலவே இல்லை!" என்று மகிழ்கிறார். அதைக் காப்பதற்கு வாரத்தில் இரண்டு மணி நேரம் கேட்டால் முகம் சுளிக்கிறார். "அதுதான் ஓடுகிறதே, இன்னும் என்ன வேலை?" என்கிறார்.

ஓடுகிறது ஐயா! கதவைத் திறந்து போட்டுவிட்டு ஓடுகிறது!

காவலுக்குச் சம்பளம் கொடுக்காத முதலாளி, ஒரு நாள் அதைத் திருடனுக்கு வட்டியோடு கொடுக்க நேரும். அப்போது நஷ்டம் அவருக்கு மட்டும் இல்லை. ஆறு பேர் சம்பளம் போகும். அந்தப் புரோகிராமை நம்பிப் பில் போடும் கடைக்காரர் தவிப்பார். தீபாவளி நேரத்தில் ஜவுளிக் கடையில் பில் இயந்திரம் நின்றால், வரிசையில் குழந்தையோடு நிற்பது யார்? நீங்களும் நானும்தான்.

ஆகவே என் கருத்து இதுதான். சர்வர் வைக்கிற ஒவ்வோர் இடத்திலும், "இதைக் காப்பவர் இன்னார்" என்று ஒருவர் பெயர் எழுதியிருக்க வேண்டும். அவருக்கு அதற்கென்று நேரமும் கூலியும் கொடுக்க வேண்டும். அவர் லீவு போட்டால் பார்த்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும். அப்படி ஒரு பெயரை எழுத முடியாதவர்கள் சொந்தச் சர்வர் வைக்கவே கூடாது.

இந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மகனோ மகளோ ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, "ஒரு திருத்தம் போட வேண்டும்" என்றால் கோபிக்காதீர்கள். ஒரு டம்ளர் காப்பி கொடுங்கள். எங்கேயோ ஒரு கதவுக்குத் தாழ்ப்பாள் போடுகிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெரு இளைஞர் சென்ற வாரம் மறுபடியும் வந்தார்.

"அண்ணே! அந்தப் பொது பாஸ்வேர்டை எடுத்துவிட்டேன். இப்போது ஆறு பேருக்கும் தனித்தனிச் சாவி. நகலை வேறு இடத்தில் வைத்திருக்கிறேன். நேற்று அதைத் திறந்தும் பார்த்தேன். நன்றாக இருக்கிறது."

"சந்தோஷம் தம்பி! முதலாளி என்ன சொன்னார்?"

"முதலில் முணுமுணுத்தார் அண்ணே. வேலையை விட்டுப் போனவர் இன்னும் உள்ளே வர முடியும் என்பதைக் காட்டினேன். அதன் பிறகு பேசவில்லை. வெள்ளிக்கிழமை மாலை இரண்டு மணி நேரம் எனக்கு ஒதுக்கிவிட்டார்!"

உங்கள் ஆபீசிலும் ஒரு சர்வர் இருக்கும். நாளை திங்கட்கிழமை. போனதும் முதல் காரியமாக ஒரு கேள்வி கேளுங்கள்:

"சாவி யாரிடம் இருக்கிறது?"